முறையாக வருவதற்கு வழி எங்கே?

அருப்புக்கோட்டை டீக்கடைகளில் இலங்கை அகதி முகாம் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு பதில் தயாராக இருக்கும்: "கள்ளப் படகுல வந்தவங்கதான? வர்றதுன்னா முறையா வரணும்ல. சண்டையும் முடிஞ்சு போச்சு, இனி ஊரப் பாக்கப் போக வேண்டியதுதான?" சொல்கிறவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. மல்லாங்கிணறு முகாமிலிருந்து வரும் ஆளை வைத்துத்தான் பொங்கலுக்குத் தன் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்திருப்பார். சுத்தமான வேலைக்காரர்கள் என்று நாலு பேரிடம் சிபாரிசும் செய்திருப்பார். ஆனாலும் முறையான வழி என்று ஒன்று இருந்தது, அதை விட்டுவிட்டுத்தான் இவர்கள் வந்தார்கள் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகம் கிடையாது.

இந்த எண்ணம் டீக்கடையோடு நிற்பதில்லை. தண்டனைக் காலத்தை முடித்த ஓர் இலங்கைத் தமிழர், மனைவியும் பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள், தன்னை நாடு கடத்த வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2025 மே 19 அன்று அந்த மனுவைத் தள்ளுபடி செய்தபோது நீதிபதி தீபங்கர் தத்தா, எல்லா நாட்டு அகதிகளுக்கும் இடம் கொடுக்க இந்தியா தர்மசத்திரம் இல்லை என்றார். வேறு நாட்டுக்குப் போகலாமே என்றும் சொன்னார். எந்த நாட்டுக்கு, எந்தத் தாளைக் காட்டி, எதில் ஏறி?

இந்தச் சீமைக்காரர்கள் இந்தக் கேள்வியை மற்றவர்களைவிட அதிகமாக யோசிக்க வேண்டும். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் 1985 வரை ராமநாதபுரம் மாவட்டம். குண்டாற்றில் தண்ணீர் வந்தால் வெள்ளாமை, வராவிட்டால் வயிற்றில் ஈரத்துணி என்றிருந்த பூமி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மழை பொய்த்த வருஷங்களில், அதிலும் 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், ராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து சனங்கள் இலங்கைத் தோட்ட வேலைக்கு ஆள் சேர்க்கும் கங்காணி பின்னால் கிளம்பினார்கள். முதலில் படகும் காட்டு நடையும். மன்னாரில் கரையேறி மாத்தளை போய்ச் சேருவதற்குள் காய்ச்சலிலும் பேதியிலும் செத்தவர்கள் வழியெல்லாம் கிடந்தார்கள்.

தோட்டத்துக்கு ஆள் குறைகிறதே என்று தோட்டத் துரைமார்களுக்குக் கவலை வந்தது. உடனே வழி பிறந்தது. 1901 வாக்கில் தகர டிக்கெட் வந்தது. மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண் பொறித்த சிறு தகர வில்லை. அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டால் போதும். ரயிலும் கப்பலும் ஏற்றிக்கொள்ளும், பயணச் செலவு தோட்டக் கணக்கில் போய்ச் சேரும், பிறகு அது தொழிலாளியின் கடனாகும். மண்டபத்தில் தொற்றுநோய்த் தடுப்பு முகாம் கட்டினார்கள். 1914இல் தனுஷ்கோடி, தலைமன்னார் கப்பல் ரயிலோடு இணைந்தது. எழும்பூரில் எடுத்த டிக்கெட்டில் கொழும்பு வரை போகலாம் என்ற நிலை வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு திருச்சுழிக்காரரைக் கடல் தாண்டி மலையுச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க நூறு வருஷத்துக்கு முன்னால் அரசாங்கங்களால் முடிந்தது. உழைப்பு தேவைப்பட்டபோது வழி இருந்தது. உயிர் தப்ப வேண்டியபோதுதான் இல்லாமல் போனது.

எப்படிப் போனது என்று பார்க்கலாம். 1948இல் இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டது. தோட்டத்துக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்கள் நாடற்றவர்களானார்கள். 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சப் பேரைப் பிறகு பார்க்கலாம். ஆட்களை எண்ணிப் பிரித்தார்கள், உறவை யாரும் எண்ணவில்லை. தகப்பன் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தார், கட்டிக்கொடுத்த மகள் புருஷன் வீட்டோடு இலங்கைக்கு எழுதிக்கொடுத்தாள். மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலை அந்தச் சனங்கள் அழுகைக் கோச்சி என்றே சொன்னார்கள். ஒப்பந்தம் நடந்த அதே வருஷம் டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் போர் மூண்டதும் நின்றுபோனது.

அப்படிப் பிரிந்தவர்களில் இலங்கையில் தங்கிய பலர், கலவரங்களுக்குப் பயந்து மலையைவிட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் இறங்கினார்கள். போர் அங்கேயும் துரத்தியது. படகேறினார்கள். இன்றைக்கு முகாம்களில் இருப்பவர்களில் கணிசமானவர்களின் பாட்டன் பூட்டன் ஊர் இந்தக் கரிசல் காடும் இதைச் சுற்றியுள்ள சீமையும்தான். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகேறியவர்களுக்கு எந்தக் கரையிலும் விசா கொடுக்க ஆள் உட்கார்ந்திருக்கவில்லை. கதவைப் பூட்டிவைத்துக்கொண்டு, சுவர் ஏறி வந்தவனிடம் ஏன் வாசல் வழியாக வரவில்லை என்று கேட்கிறோம்.

போர்க்காலக் கதை இது, இப்போது அப்படி இல்லை என்று சொல்பவர்கள் 2022ஐ நினைத்துப் பார்க்கட்டும். இலங்கையில் பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை நின்ற அந்த மார்ச் 22 அன்று, கைக்குழந்தையோடு ஒரு குடும்பத்தைப் படகுக்காரர்கள் தனுஷ்கோடிக்கு அருகே கடலுக்கு நடுவில் ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். அந்தத் திட்டில் நிழல் கிடையாது, குடிதண்ணீர் கிடையாது. கடலோரக் காவல்படை வந்து தூக்கிய பிறகு, முதலில் வந்தவர்கள்மீது வழக்குப் போட்டுச் சிறைக்கு அனுப்பினார்கள்; அப்புறம்தான் மண்டபம் அகதி முகாம். அந்த ஜூன் கடைசியில் தனுஷ்கோடி அருகே கோதண்டராமர் கோயில் கடற்கரையில், இலங்கையிலிருந்து வந்த வயதான ஒரு தம்பதி உடம்பில் நீர் வற்றி மயங்கிக் கிடந்தார்கள். அந்த அம்மாள் சில நாட்களில் மதுரையில் இறந்தார். இரண்டு கரைக்கும் இடையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான்.

'போர் முடிந்தும் போகாமல் ஒட்டிக்கொண்டார்கள்' என்பது அடுத்த குற்றச்சாட்டு. இதற்குத் தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட்டில் சட்டமன்றத்தில் கொடுத்த கணக்கே பதில். 1983 முதல் வந்தவர்கள் 3,04,269 பேர். முகாம்களில் இருப்பவர்கள் 58,822, காவல் நிலையத்தில் பதிந்து வெளியே இருப்பவர்கள் 34,087. இங்கே பிறந்த பிள்ளைகளும் இதில் அடக்கம். வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் இப்போது இந்தக் கணக்கில் இல்லை; பலர் ஊருக்கோ வேறு நாட்டுக்கோ போய்விட்டார்கள். சரி, மிச்சப் பேர் போகட்டும் என்றால், அது டிக்கெட் எடுத்து ஏறுகிற காரியமா? காவல்துறைத் தடையின்மைச் சான்று, வெளியேறும் அனுமதி, இலங்கைத் துணைத் தூதரகத்தின் பயணத் தாள், இங்கே பிறந்த பிள்ளைக்குத் தூதரகப் பிறப்புப் பதிவு என்று ஒவ்வொன்றுக்கும் அலைய வேண்டும். அத்தனையும் முடித்து, ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு, 2025 மே கடைசியில் 75 வயது முதியவர் ஒருவர் பலாலி விமான நிலையத்தில் போய் இறங்கினார். முன்பு சரியான ஆவணம் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறினார் என்று சொல்லி அங்கேயே கைது செய்தார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகே, இனி இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்கிறோம் என்றது இலங்கை அரசு. முறையாகப் போனவருக்கு நடந்தது இதுதான்.

இருப்பவர்களின் குடும்பங்கள் என்ன கதியில் இருக்கின்றன? விருதுநகர் மாவட்டத்தில் மல்லாங்கிணறு, குல்லூர்சந்தை, கண்டியாபுரம், ஆனைக்குட்டம், செவலூர் என்று முகாம்கள் இருக்கின்றன. பத்துக்குப் பத்து அறையில் மூன்று தலைமுறை படுத்தெழுந்த முகாம்கள் இவை. 2021இல் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றி, பழுதான 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தர அரசு அறிவித்ததை மனதாரப் பாராட்ட வேண்டும். ஆனால் புது வீட்டுக்குள்ளும் 'பதிவு' தொடர்கிறது. கணக்கெடுப்பு நாளில் ஆள் நேரில் நிற்க வேண்டும். அப்போதுதான் குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 ரூபாய். ஒரே வீட்டார் வேறு வேறு படகில் வந்திருந்தால் அண்ணன் பதிவு ஒரு மாவட்டத்தில், தங்கை பதிவு இன்னொரு மாவட்டத்தில். கல்யாணமாகி வேறு முகாமுக்குப் போகும் பெண்ணுக்கு, தாலி ஏறினாலும் பதிவு மாறிவிடாது. மனு எழுதிக்கொண்டு ஆபீஸ் படியேற வேண்டும்.

முகாமுக்கு வெளியே கட்டிக்கொடுத்தால் இன்னும் மோசம். அருப்புக்கோட்டை நெசவாளி வீட்டுப் பையன் முகாம் பெண்ணைக் கட்டினான் என்று வைத்துக்கொள்வோம். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு பிறக்கும் பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவர் 'சட்டவிரோதக் குடியேறி' என்றால், மற்றவர் இந்தியராகவே இருந்தாலும் பிறப்பால் குடியுரிமை கிடையாது. பிள்ளையின் தாத்தா, அப்பத்தா எல்லாருக்கும் வாக்காளர் அட்டை இருக்கும், பிள்ளைக்கு இந்த நாடு இருக்காது. 1987 ஜூலைக்கு முன்னால் பிறந்திருந்தால் தப்பித்திருக்கும்: 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், தான் இந்தியர் என்று 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்காடி வென்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். ஒருவருக்கு அந்த உரிமை கிடைக்க 38 வருஷம் ஆனது. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டமோ பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானோடு நின்றுகொண்டது. இலங்கை என்ற பெயரே அதில் இல்லை.

பாதுகாப்பு என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதை மறக்க யாராலும் முடியாது. அந்தக் கவலை உண்மையென்றால் அது எதைக் கேட்கும்? யாழ்ப்பாணத்தில் பெயர், முகவரி, கைரேகை, உறவுமுறை எல்லாம் சரிபார்த்து, தாள் கொடுத்து, கப்பலில் ஏற்றிக் கூட்டிவருவதைத்தான் கேட்கும். இருட்டில் திட்டில் இறக்கிவிட்டுப் போகும் தரகரிடம் எந்தச் சோதனையும் நடக்காது. பாதை மூடப்பட்டால் லாபம் அந்தத் தரகருக்கு மட்டுமே.

இப்படி முறையான வழி திறப்பது நடக்காத காரியமும் இல்லை. 1942இல் ஜப்பான் குண்டு விழுந்தபோது பர்மாவிலிருந்த ஏழைத் தமிழர்கள் மலையும் காடுமாக நடந்தே வந்து வழியில் மடிந்தார்கள். 1964இல் அங்கே நெ வின் ஆட்சி கடைகண்ணிகளை எடுத்துக்கொண்டபோது இந்திய அரசு கப்பல் விட்டு ஆட்களைக் கூட்டிவந்தது. இரண்டுக்கும் நடுவில் மாறியது அரசாங்கத்தின் மனசு. 1986 ஆகஸ்ட்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்தார்கள். மீனவர்கள் கரைசேர்த்தார்கள், கனடா தங்க அனுமதித்தது. பிறகு குடும்ப ஸ்பான்சர் வழியில் மனைவி, மக்கள், பெற்றோர் என்று ஈழத்தமிழர்கள் வந்து சேர்ந்தார்கள். கனடாத் தமிழரின் வளர்ச்சியைப் பெருமையாகப் பேசும் தமிழ்நாடு, அதற்கு அடித்தளமான அந்தக் குடும்ப விசாவை இங்கே கேட்க மறந்துவிட்டது.

யாழ்ப்பாணத்தில் 2010 முதல் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம், காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கியது. அலுவலகமும் கப்பலும் தயார். இங்கே பெற்றோரோ பிள்ளையோ துணையோ இருப்பவருக்கு அந்தத் தூதரகத்தில் குடும்ப விசா கொடுக்க வேண்டும். போய்ப் பார்த்துவிட்டு வர நினைக்கும் முகாம்வாசிக்குத் திரும்பி வரும் உரிமையோடு பயணத் தாள் கொடுக்க வேண்டும். 2025 செப்டம்பரில் உள்துறை அமைச்சகம், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்குக் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் 2022இல் மணல் திட்டில் இறங்கிய குழந்தைகள் அந்தத் தேதிக்கு வெளியே நிற்கிறார்கள். தேதியைத் தள்ளிவைக்க இன்னோர் உத்தரவு போதும், நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. முகாமில் பிறந்த பிள்ளைகளின் குடியுரிமைக்கு மட்டும்தான் சட்டத்தைத் திருத்தியாக வேண்டும். திருச்சுழி சட்டமன்றத் தொகுதியும் மண்டபம் முகாமும் ஒரே ராமநாதபுரம் மக்களவைத் தொகுதிக்குள் வருகின்றன. அந்தத் திருத்தத்தைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவரும்படி அந்தத் தொகுதி உறுப்பினரிடம் திருச்சுழி வாக்காளர்கள் இப்போதே மனுக் கொடுக்கலாம்.