மீனை விடுகிறார்கள், கடலை விடுவதில்லை

மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில் 2009 முதல் மூன்று வகை மீன்களைக் கொல்வது குற்றம். போன்ஃபிஷ், டார்பன், பெர்மிட் என்பவை அவை. மூன்றும் ஓதத்தோடு ஆழமற்ற மணல்பரப்புகளில் ஏறி வந்து இரை தேடுபவை. மூன்றும் தூண்டிலுக்கு எளிதில் வசப்படாதவை. பிடிக்கலாம், அவசரமாக ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம், பிறகு உயிரோடு தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அதே நாட்டில், ஆம்பர்கிரிஸ் தீவின் மீன்பிடி வழிகாட்டிகள் கயோ ரொசாரியோ என்ற சின்னஞ்சிறு தீவுக்காக ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. அந்தத் தீவைச் சுற்றியுள்ள மேய்ச்சல் நீர்ப்பரப்பின் மீதே சொகுசு பங்களாக்கள் கட்டும் திட்டம் ஒன்று வந்ததுதான் காரணம். மீனைக் கொன்றால் தண்டனை. மீன் மேயும் தரையில் தூண் இறக்குவதற்கோ முறைப்படி மனுப் போடலாம்.

இந்த முரண்பாடு பெலீஸுக்கு மட்டும் உரியதல்ல. ஃப்ளோரிடாவிலிருந்து பஹாமாஸ்வரை, தூண்டில்காரர் மீனைத் திருப்பி விடுவதையே பாதுகாப்பு என்று கணக்கு எழுதும் பழக்கம் வேரூன்றிவிட்டது. விடுவது நல்ல வழக்கம், ஐயமில்லை. ஆனால் அந்த மீனின் கதையில் அது கடைசி அத்தியாயம்கூட இல்லை.

பிடித்த மீனை விடுவதற்கா வெளிநாட்டுத் தூண்டில்காரர்கள் இவ்வளவு பணம் செலவழித்து வருகிறார்கள் என்று தமிழ் வாசகர் கேட்பது நியாயம். பஹாமாஸ் தீவுகளிலும் பழைய தலைமுறைக்கு இந்தக் கேள்வி இருந்தது. அங்கே போன்ஃபிஷ் வீட்டுச் சமையலில் இடம்பெற்ற மீன். முள் அதிகம், ஆனால் சுவைக்குக் குறைவில்லை. அதைக் கொல்லாமல் பிடிப்பதில் என்ன இருக்கிறது என்பதை ஆண்ட்ரோஸ் தீவின் மேற்குக் கரைப் பக்கம் ஒரு காலைப்பொழுது காட்டிவிடும்.

படகின் இயந்திரம் அணைக்கப்பட்டிருக்கும். பின்புற மேடையில் ஏறி நிற்கும் வழிகாட்டி நீண்ட கோலால் தரையை ஊன்றி, சத்தமில்லாமல் படகை நகர்த்துவார். முனையில் தூண்டிலோடு நிற்பவருக்குப் பெரும்பாலும் எதுவும் தெரியாது. போன்ஃபிஷின் செதில்கள் கண்ணாடிபோல் சுற்றுப்புறத்தைப் பிரதிபலிப்பவை. மணல்மேல் மணலாகவும் கடற்புல்மேல் புல்லாகவும் அது மறைந்துவிடும். மீனைவிட அதன் நிழல்தான் முதலில் கண்ணில் படும். நண்டு, இறால், புழுக்களுக்காக மூக்கை மணலில் புதைக்கும்போது வால் மட்டும் நீருக்கு மேலே மினுங்கும். “பதினோரு மணி, அறுபது அடி” என்பார் வழிகாட்டி. படகின் முனைதான் பன்னிரண்டு மணி. திசையைச் சொல்ல இதைவிட வேகமான வழி கிடையாது. இறகும் நூலும் கட்டிய போலி இரை மீனுக்கு மிக அருகில் விழுந்தால் கூட்டமே சிதறும். தள்ளி விழுந்தால் மீன் கவனிக்காது. சரியாக விழுந்து, மீனும் கவ்விவிட்டால், மூன்று கிலோ எடையுள்ள ஒன்று நூறு மீட்டர் நூலை ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு ஓடும்.

இந்த மீனை இறகு இரையால் குறிவைத்துப் பிடிக்க முடியும் என்பதே 1947வரை உறுதிப்படவில்லை. அந்த ஆண்டு ஃப்ளோரிடா கீஸ் தீவுகளில் ஜோ புரூக்ஸ் என்ற எழுத்தாளர், ஜிம்மி ஆல்பிரைட் என்ற வழிகாட்டியின் படகிலிருந்து அதைச் செய்து காட்டினார். முப்பது ஆண்டுகள் கழித்து ஆண்ட்ரோஸில் வழிகாட்டி சார்லி ஸ்மித்தோடு மீன்பிடித்த பாப் நௌஹைம் கட்டிய போலி இரை, ‘கிரேஸி சார்லி’ என்ற பெயரில் உலகெங்கும் விற்கிறது. பிடித்தவர் பெயர் பதிவேடுகளில் முன்னால் நிற்கும். மீனைக் கண்டவர் வழிகாட்டி என்பதைத் தொழிலில் உள்ள எல்லோரும் அறிவார்கள்.

அந்த வழிகாட்டிகளில் ஒருவரான, பஹாமாஸின் பிமினி தீவைச் சேர்ந்த ஆன்சில் சாண்டர்ஸுக்கு வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. 1964இல் நோபல் ஏற்புரையை எழுத அமைதியான இடம் தேடிப் பிமினிக்கு வந்த மார்ட்டின் லூதர் கிங்கை, அலையாத்திக் காட்டின் ஓடைகளுக்குள் தன் படகில் அழைத்துச் சென்றவர் அவர். போன்ஃபிஷ்கள் இரை தேடுவது அப்படிப்பட்ட ஓடைகளிலும்தான்.

பணக் கணக்கும் சிறியதல்ல. 2010இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த ஆழமற்ற கடல் மீன்பிடிப்பால் பஹாமாஸ் பொருளாதாரத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 14 கோடி டாலர் கிடைப்பதாக மதிப்பிட்டது. தலைநகர் நாசோவின் பெருவிடுதிகளைப் போலன்றி, இந்த வருமானத்தில் கணிசமான பங்கு வேறு தொழில் அதிகமில்லாத வெளித் தீவுகளுக்குப் போகிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

ஆனால் விட்ட மீனெல்லாம் பிழைத்துவிடுவதில்லை. பஹாமாஸின் எலூத்தரா தீவில் நடந்த ஆய்வில், விடப்பட்டதும் நிலை தடுமாறிப் புரளும் போன்ஃபிஷ், நிமிர்ந்து நீந்திப் போகும் மீனைவிட ஆறு மடங்குக்கு மேல் சுறாவுக்கோ சீலாவுக்கோ இரையாகும் வாய்ப்புள்ளது என்று தெரியவந்தது. மீனை வெகுநேரம் இழுத்துக் களைக்க வைப்பதும், படத்துக்காகக் காற்றில் தூக்கிப் பிடிப்பதும் அந்தத் தடுமாற்றத்தைக் கொண்டுவருகின்றன. நல்ல வழிகாட்டிகள் மீனைத் தண்ணீருக்கு மேலே தூக்கவே விடுவதில்லை. சமூக ஊடகத்துக்குப் படம் வேண்டும் என்று அடம்பிடிக்கும் வாடிக்கையாளரிடம் இதைச் சொல்வது எளிதான வேலை அல்ல. கூலி தருபவர் அவர்தானே.

தூண்டில்காரரின் நன்னடத்தை இவ்வளவு தூரம்தான் உதவும். மீதிக் கதை அவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நடக்கிறது.

முழங்கால் நீரில் வாழும் இந்த மீன் அங்கே முட்டையிடுவதில்லை. கரீபியன் பகுதியில் அக்டோபர் முதல் ஏப்ரல்வரை, முழுநிலவையும் அமாவாசையையும் ஒட்டி, ஆயிரக்கணக்கான போன்ஃபிஷ்கள் தங்கள் மேய்ச்சல் இடங்களை விட்டுக் கரையோரம் குறிப்பிட்ட சில இடங்களில் திரள்கின்றன. மேலே துள்ளிக் காற்றை விழுங்குகின்றன. இருட்டியதும் ஆழ்கடல் விளிம்பைத் தாண்டிச் செங்குத்தாக இறங்குகின்றன. பஹாமாஸின் அபாக்கோ தீவருகே கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள், அவை 130 மீட்டருக்கும் கீழே போவதைக் கண்டார்கள். முட்டையிலிருந்து வெளிவரும் நாடா போன்ற இளம் உயிரிகள் 41 முதல் 71 நாள்வரை நீரோட்டத்தில் மிதந்து, பிறகே ஏதோ ஒரு கரையின் ஆழமற்ற நீரை அடைகின்றன. திரளும் இடம் ஒன்று அழிந்தால், சுற்றுவட்டாரத்தில் பல மேய்ச்சல் பரப்புகளின் மீன்வளம் ஒருசேர ஆட்டம் காணும்.

அழிந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பசிபிக் கடலில் சான்று இருக்கிறது. கிரிபாட்டி நாட்டின் தாராவா தீவில் போன்ஃபிஷ் விளையாட்டுக்கு அல்ல, உணவுக்குப் பிடிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தீவுகளை இணைக்கக் கட்டிய சாலைப் பாலங்கள், காயலுக்கும் கடலுக்கும் இடையிலான வழிகளை அடைத்தன. முட்டையிடப் போகும் கூட்டங்களைச் செவுள்வலைகள் மறித்தன. 2000ஆம் ஆண்டை ஒட்டி ராபர்ட் ஜோஹன்னஸும் பெய்ங் யீட்டிங்கும் உள்ளூர் மீனவர்களிடம் கேட்டறிந்து எழுதியபடி, அந்தத் தீவு அறிந்திருந்த ஐந்து இனப்பெருக்கப் பயணங்களில் நான்கு மறைந்துவிட்டன. சாலை போட்டவர்கள் மீனுக்குப் பகைவர்கள் அல்லர். மீன் எந்த வழியாகப் போகிறது என்று கிழவர்களிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவே.

ஃப்ளோரிடாவில் நடந்தது வேறு வகை. அங்கே தூண்டில்காரர்கள் சட்டம் சொல்வதற்கு வெகுகாலம் முன்பே போன்ஃபிஷை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் கீஸ் பகுதியில் மீன் குறைந்துகொண்டே வந்தது. 2013இல் பிடித்து விட மட்டுமே அனுமதி என்று மாநிலம் கண்டிப்பாக அறிவித்தபோது, விடுவதற்கே மீன் அரிதாகிவிட்டிருந்தது. 2010 ஜனவரியில் வந்த கடுங்குளிர் ஏராளமான மீன்களைக் கொன்றது உண்மை. ஆனால் தண்ணீரின் கதை வேறு. ஃப்ளோரிடா பன்னாட்டுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 93 போன்ஃபிஷ்களைச் சோதித்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். சராசரியாக ஒரு மீனில் ஏழு வகை மருந்துகள். ஒரே மீனில் 17 வகைகள். ரத்த அழுத்த மருந்தும் மனச்சோர்வு மருந்தும் அவற்றில் உண்டு. மனிதர் விழுங்கிய மாத்திரை கழிவுநீர் வழியாகக் கடல்தரை நண்டுக்கும் இறாலுக்கும் போய், அங்கிருந்து மீனுக்கு வந்திருக்கிறது. தூண்டில்காரர் எவ்வளவு மென்மையாக விட்டாலும் அந்த மருந்து மீனிலிருந்து இறங்காது. அதைத் தடுக்கச் சாக்கடைக் குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் வேண்டும்.

பஹாமாஸ் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. அபாக்கோ, கிராண்ட் பஹாமா தீவுகளில் 2015இல் அரசு பாதுகாப்புப் பூங்காக்களை அறிவித்தபோது, போன்ஃபிஷ் திரளும் இடங்களும் அலையாத்திப் பரப்புகளும் கணக்கில் எடுக்கப்பட்டன. 2019இல் டோரியன் புயல் அதே அலையாத்திகளைச் சூறையாடியது. வழிகாட்டிகளும் மாணவர்களும் சேற்றில் இறங்கி மீண்டும் கன்று நட்டு வருகிறார்கள். 2017இல் வந்த விதிகள் வெளிநாட்டுத் தூண்டில்காரருக்கு உரிமம் கட்டாயம் என்றன. அப்போதைய கட்டணம் நாளொன்றுக்கு 15 டாலர், ஆண்டுக்கு 60. விமானத்துக்கும் விடுதிக்கும் ஆயிரக்கணக்கில் கொட்டுபவர்களில் சிலர் இதற்கு எழுப்பிய கூச்சல் ரசிக்கும்படி இல்லை.

ஆனால் உரிமம் மனிதரைத்தான் ஒழுங்குபடுத்தும். படகுத்துறைக்காக ஓடையைத் தோண்டும் நிறுவனத்தை அது தொடாது. பூங்கா எல்லைக்கு வெளியே உள்ள திரளும் இடங்களை முதலில் வரைபடத்தில் குறிக்க வேண்டும். அங்கே தூர்வாரவும் கட்டவும் தடை வேண்டும். கரையோரக் கட்டுமான மனுக்களை விசாரிக்கும் மேசையில் அந்தத் தீவின் வழிகாட்டிகளுக்கு நாற்காலி வேண்டும். உரிமக் கட்டணத்தில் சேரும் பணத்தின் முதல் செலவு, குளிர்கால முழுநிலவு இரவுகளில் அந்த இடங்களுக்குக் காவல் படகு அனுப்புவதாக இருக்கட்டும். தண்ணீரின் மேல் பங்களா கட்ட வருபவர், அந்தத் தரையில் எந்த மாதம் எந்த மீன் மேய்கிறது என்று வழிகாட்டிகள் முன்னிலையில் பதில் சொல்லிவிட்டே அடுத்த காகிதத்தை நீட்டட்டும்.