காட்டிக்கொடுத்தலும் சான்று கூறலும்

அமெரிக்கக் கறுப்பின இளைஞர் ஆக்கிய ‘இராப்’ என்னும் சொல்லிசையுள் ஓயாது ஒலிக்கும் கட்டளை ஒன்றுண்டு. காவல்துறையிடம் வாய் திறவாதே என்பதே அது. அதனைக் கயவர் மொழி என்று தள்ளிவிடுவோர் அம்மக்களின் வரலாறு அறியாதார்.

1969-இல் சிக்காகோ நகரில் கருஞ்சிறுத்தைக் கட்சித் தலைவர் பிரெட் ஆம்ப்டன் தம் படுக்கையறையிலேயே காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வீட்டின் அமைப்பை வரைந்து கொடுத்தவன், நடுவண் புலனாய்வுத்துறை அக்கட்சியுள் புகுத்தியிருந்த ஒற்றன். அதே நகரில் கறுப்பினத்தாரைப் பல்லாண்டுகள் வதைத்துக் குற்றம் ஒப்புவித்த காவலரின் கொடுமைக்காக, 2015-இல் நகராட்சி 55 இலக்கம் தாலர் ஈடு வழங்க நேர்ந்தது. அம்மக்களின் ஐயம் அறியாமையில் முளைத்ததன்று, பட்டறிவில் முளைத்தது.

ஆயின், அவ்வையம் இட்ட வாய்ப்பூட்டு இன்று யாரைக் காக்கின்றது? பால்ட்டிமோர் நகரில் 2002-இல், தெருவில் போதைப்பொருள் விற்றோரைப் பற்றி முறையிட்ட தாய் ஒருத்தியின் வீடு இரவில் கொளுத்தப்பட்டது. தாயும் தந்தையும் மக்கள் ஐவரும் மாண்டனர். கொளுத்தியவன் அயலினத்தான் அல்லன்.

2007-இல் காம்ரான் என்னும் பாடகர், தொடர்கொலைஞன் அடுத்த வீட்டில் இருப்பினும் காவலர்க்கு உரையேன், வீடு மாறிச் செல்வேன் எனத் தொலைக்காட்சியிற் கூறினார். காவலர்க்கு உதவின் தம் வணிகம் கெடும் என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. எதிர்ப்பு எழுந்தபின் வருந்தினார். வீடு மாற அவர்க்குப் பொருள் உண்டு. ஏழைத் தாய் எங்கே மாறுவாள்?

அந்நாட்டுத் தெருவழக்கு இருவரை ஒரே இழிசொல்லால் சுட்டுகின்றது. தமிழிலோ காட்டிக்கொடுப்போன் வேறு; சான்று கூறுவோன் வேறு. தன் சிறைக்காலம் குறையத் தோழனை விற்பவன் முன்னவன். கண்ட கொடுமையைக் கண்டவாறு உரைப்பவன் பின்னவன்.

2020-இல் மின்னியாப்பொலிசு நகரில் சியார்ச்சு பிளாய்டின் கழுத்தைக் காவலன் ஒருவன் முழந்தாளால் அழுத்திக் கொன்றான். அதனைப் படமெடுத்து, மறு ஆண்டு வழக்குமன்றில் எடுத்துரைத்தாள் ஒரு கறுப்பின இளம்பெண். அவன் சிறை புகுந்ததற்கு அச்சான்று பெருந்துணையாயிற்று. அவளும் வாய் மூடியிருப்பின் பிழைத்திருப்போன் அக்கொடுங்காவலனே!

தன் கறையைக் கழுவாத காவல்துறைக்கு மக்களின் நம்பிக்கையைக் கேட்கும் உரிமை இல்லை. கொலைஞனைக் காக்கும் வாய்மூடலுக்கு இனமானம் என்று பெயரிடும் உரிமை பாடகர்க்கும் இல்லை.