துண்டு வெட்டும் நேரம்

“இனி ஒண்டும் செய்யேலாது எண்டால் துண்டை வெட்டித் தாங்கோ டொக்டர், வீட்டை கொண்டு போறம்.” திருகோணமலை மாவட்டத்தின் எந்த வார்டில் வேலை செய்தவருக்கும், துண்டு வெட்டி ஆஸ்பத்திரியிலிருந்து விடுவிக்கக் கேட்கும் இந்தக் குரல் பழக்கமானது. பெரும்பாலும் இரவில்தான் கேட்கும், நோயாளிக்கு மூச்சு இழுக்கத் தொடங்கி, விசேட வைத்திய நிபுணர் வீட்டுக்குப் போன பிறகு. கடமையில் இருக்கும் இளம் வைத்தியர் ‘சொந்தப் பொறுப்பில்’ என்று எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார். அந்தக் கையொப்பம் நம்மைப் பாதுகாக்கும். போகிறவர் கையில் இருப்பது ஓர் அட்டை பரசிற்றமோல்.

இறுதிக்காலப் பராமரிப்பின் அறநெறி என்றால் நமது பயிற்சி வகுப்புகளில் சுவாசக் கருவியை நிறுத்தலாமா என்ற விவாதமே நடக்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை ஏற்றது; அதற்கான நடைமுறை சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரியில் எளிதாக்கியது. இலங்கையில் அதற்கெனத் தனிச்சட்டம் இல்லை. வரட்டும், நல்லதே. ஆனால் வெருகலிலோ ஈச்சிலம்பற்றிலோ இருந்து வரும் முற்றிய புற்றுநோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைக்கூடப் பார்ப்பதில்லை. அவருடைய அறநெறிக் கேள்வி துண்டு எப்போது வெட்டப்படுகிறது என்பதுதான். இந்த இதழின் ஆசிரியர் குழுவில் எல்லோரும் இதை ஏற்கவில்லை. இது என் கருத்து.

வீட்டில் உயிர் போகவேண்டும் என்பதை ‘பண்பாட்டு விருப்பம்’ என்று ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்கிறோம். மூதூரிலோ கிண்ணியாவிலோ ஒரு வாப்பாவின் தலைமாட்டில் யாசீன் ஓதவேண்டும், கிப்லா பக்கம் திருப்பவேண்டும், காதருகே கலிமா சொல்லிக்கொடுக்கவேண்டும். சாம்பல்தீவில் ஓர் ஐயாவுக்குத் திருநீறு பூசி, சிவபுராணம் படித்து, வாயில் பால் பருக்கவேண்டும். செருவிலவின் சிங்களக் குடும்பத்துக்குப் பிரித் வேண்டும். பார்வையாளர் நேரம் முடிந்ததும் ஆட்களை வெளியே அனுப்பும் வார்டில் இவற்றில் எது நடக்கும்? பிறகு இன்னொன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் மரணம் நேர்ந்தால் சில வேளை மரண விசாரணை, பிரேத பரிசோதனை என்று நேரம் இழுபடும். அன்றே நல்லடக்கம் செய்யவேண்டியவர்களுக்கு அது பெரிய அச்சம். இரவோடிரவாகத் துண்டு கேட்பதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் உண்டு. எத்தனை பேர் அதைக் கேட்டறிந்திருக்கிறோம்?

வழியும் முன்பு தடையாக இருந்தது. கொட்டியாரக் குடாவைப் படகில் கடந்தும், கிண்ணியாவில் மிதவைப் பாதைக்காகக் காத்துக் கிடந்தும் நோயாளரைக் கொண்டு போன காலம் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது. கரையோர வீதியின் மற்றப் பாலங்களும் வந்தன. இன்று அம்புலன்ஸ் போகும், அதில் மோர்பின்தான் போவதில்லை.

மோர்பின் விடயத்தில் குடும்பங்களைக் குறை சொல்வதற்கு முன் நம்மைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கான படிமுறை ஏணியை 1986இலேயே வெளியிட்டது. வாயால் கொடுக்கும் மோர்பின் அதன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் நம்மில் பலருக்கு அது இன்னும் ‘கடைசி ஊசி’. பதிவேட்டுக்குப் பயந்தும், அடிமையாகிவிடுவார் என்று பயந்தும் பின்போடுகிறோம். நாட்கணக்கில் உயிர் இருப்பவர் எதற்கு அடிமையாகப் போகிறார்? கலிமா சொல்லும் நேரத்தில் நினைவு மங்கிவிடுமோ என்று பிள்ளைகள் கேட்பது வேறு விதமான கேள்வி, நியாயமானதும்கூட. சிறு அளவில் தொடங்கி நோவுக்கேற்பக் கூட்டினால் பெரும்பாலானோர் பேசக்கூடிய நிலையிலேயே இருப்பார்கள் என்று விளக்க ஐந்து நிமிடம் போதும். நோவில் துடிப்பவருக்குக் கலிமாவும் ஏறாது, தேவாரமும் ஏறாது என்பது குடும்பத்துக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

“அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ.” இதுவும் நாளாந்தம் கேட்பது. நோயாளியின் தன்னுரிமை என்று பாடப்புத்தகம் சொல்வதை அப்படியே நீட்டி, கட்டிலருகில் நின்று நோயின் பெயரை உடைப்பது கொடுமை. குடும்பம் சொன்னதால் வாயே திறக்காமல் இருப்பதும் அதற்குக் குறைந்ததல்ல. கடன் தீர்க்கவும், காணி எழுதவும், பேசாமல் இருந்த தம்பியோடு பேசவும் அந்த அம்மாவுக்கு இருந்த கால இடைவெளியை நாம் பறித்துவிடுகிறோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு: “உங்கட வருத்தத்தைப் பற்றி உங்களோட கதைக்கட்டா, மகனோட கதைக்கட்டா?” என்று முதல் கிளினிக்கிலேயே அவரிடம் கேட்டுவிடுவது. “மகனோட கதையுங்கோ” என்று அவர் சொன்னால் அதுவும் அவர் எடுத்த முடிவே. ஆளைப் பார்த்து, பெயரைப் பார்த்து, இந்தச் சமூகத்தார் இப்படித்தான் என்று நாமே தீர்மானிப்பது எனக்கு உவப்பானதல்ல. தமிழ், முஸ்லிம், சிங்கள மக்கள் மூவரும் கணிசமாக வாழும் மாவட்டத்தில் அது எளிதான குறுக்குவழி; அதனாலேயே ஆபத்தானது. கேட்பதற்கு மொழி வேண்டும் என்பது வேறு பிரச்சினை. தமிழ் தெரியாத வைத்தியருக்கும் சிங்களம் தெரியாத நோயாளிக்கும் இடையில் மரணச் செய்தியைச் சிற்றூழியர் ஒருவர் மொழிபெயர்த்துச் சொல்வதை இனியும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

சமூகம் நம்மை நம்பாமல் போனால் என்ன நடக்கும் என்பதை அண்மையில்தான் பார்த்தோம். கொவிட் தொற்றால் இறந்தவர்களை எரிக்கவேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருந்தும், 2021 பெப்ரவரி வரை அது மாறவில்லை. பிறகும் ஓட்டமாவடி போன்ற தூர இடத்தில்தான் அனுமதித்தார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. முடிவெடுத்தவர்கள் கொழும்பில் இருந்தார்கள், உண்மை. ஆனால் சடலத்தை ஒப்படைக்க மறுத்த கை ஆஸ்பத்திரியின் கை. எங்கள் தொழிலின் உள்ளிருந்து எழுந்த எதிர்ப்புக் குரல் மெல்லியதாகவே இருந்தது. ‘வாப்பாவை வீட்டை கொண்டு போறம்’ என்று அவசரப்படும் மகனின் முகத்தில் அந்தப் பத்து மாதங்களும் இருக்கின்றன என்றே நினைக்கிறேன்.

2019–2023 காலத்துக்கான தேசிய நோய்த்தணிப்புப் பராமரிப்புச் செயற்சட்டகம் காலாவதியாகிவிட்டது. அடுத்ததற்காகக் காத்திராமல் இங்கேயே செய்யக்கூடியவை உண்டு. குணமாகாது என்று தெரிந்த நோயாளியின் துண்டைப் பகலில், நிபுணர் இருக்கும்போது வெட்டுவோம். அதில் நோயின் நிலை, மோர்பின் அளவு, மலச்சிக்கலுக்கான மருந்து, மூச்சுத் திணறினால் என்ன செய்வது என்பன குடும்பம் வாசிக்கும் மொழியில் இருக்கட்டும். ‘பட்டினியில போகக்கூடாது, சேலைன் ஏத்துங்கோ’ என்று கேட்பவர்களுக்கு, வாயை ஈரமாக வைத்திருப்பது எப்படி என்று தாதி ஒருவர் காட்டிக்கொடுக்கட்டும். மரணம் எதிர்பார்க்கப்பட்டது என்று எழுதிக் கொடுத்தால் கிராம உத்தியோகத்தரிடமும் பதிவாளரிடமும் அலையவேண்டியது குறையும். கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளில் யாரை அழைப்பது என்று ஒரு தொலைபேசி எண்ணும் அதிலேயே இருக்கவேண்டும், இரவு 2 மணிக்கும் எடுக்கப்படும் எண்.