தம்பி பேரில் வாங்கிய வீடு

வெளிநாட்டில் வேலை பார்ப்பவருக்கு இந்திய வங்கியில் வீட்டுக் கடன் கிடைக்காது, ஆகவே வீட்டையோ மனையையோ ஊரில் இருக்கும் தம்பி பேரிலோ அம்மா பேரிலோதான் வாங்க வேண்டும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆரணி, தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற பட்டு நெசவு ஊர்களில் அதன் கேடு இன்னும் அதிகம். அதன் முதல் பாதி சட்டத்துக்குப் புறம்பான கற்பனை. இரண்டாம் பாதி, அதை நம்பி நடப்பவரைக் குற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தக்கூடியது.

கடன் விதி பல ஆண்டுகளாகத் தெளிவாகவே இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் 2000 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ், இந்தியக் கடவுச்சீட்டுடன் வெளிநாட்டில் வாழ்பவர் ரிசர்வ் வங்கியின் தனி அனுமதி இல்லாமலே இங்கு வீடு, மனை, கடை வாங்கலாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்று ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவருக்கும் இதே உரிமை உண்டு. வீடு வாங்குவதற்கு வங்கிகளும் வீட்டு வசதி நிதி நிறுவனங்களும் ரூபாயில் கடன் தரலாம். கடன் தொகை, கையிலிருந்து போட வேண்டிய பங்கு, தவணைக் காலம் எல்லாம் உள்ளூர்க்காரருக்கு உள்ளபடியே. தவணையை என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்தோ வாடகை வருமானத்திலிருந்தோ கட்டலாம். இந்தியாவில் உள்ள நெருங்கிய உறவினர் தம் வங்கிக் கணக்கிலிருந்தும் கட்டலாம்.

தடை உள்ள இடங்கள் வேறு. விவசாய நிலம், தோட்டப் பயிர் நிலம், பண்ணை வீடு ஆகியவற்றை வெளிநாடு வாழ்பவர் விலைக்கு வாங்க முடியாது, வாரிசாக அடையலாம். இந்திய வம்சாவளி அல்லாமல் வெளிநாட்டில் வாழும் அந்நியர் ஐந்தாண்டுக்கு மிகாத குத்தகை மட்டுமே எடுக்கலாம். இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தான், சீனா உள்ளிட்ட சில நாடுகளின் குடிமக்கள் இந்தியாவிலேயே குடியிருந்தாலும், ஓ.சி.ஐ. அட்டை இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி பெற வேண்டும். இவர்களுக்குரிய கட்டுப்பாட்டைத் துபாயிலும் சிங்கப்பூரிலும் உழைக்கும் ஆரணிக்காரர் தலையில் ஏற்றியதுதான் ஊர்ப் பேச்சு செய்த பிழை.

நெசவுக் குடும்பத்தில் இந்தப் பிழைக்குக் கொடுக்கும் விலை என்ன? தறியில் இருக்கும் தம்பி பெரும்பாலும் முதலாளி தரும் பாவையும் ஊடையையும் வைத்துக் கூலிக்கு நெய்பவர். சேலைக்கு இவ்வளவு என்று கூலி கைக்கு வருகிறது. சம்பளச் சீட்டு இல்லை, பலருக்கு வருமான வரிக் கணக்கும் இல்லை. வீட்டில் வங்கி ஏற்கும் வருமானச் சான்று யாரிடமாவது இருக்கிறதென்றால் அது வெளிநாட்டில் இருப்பவரிடம்தான். அவரை விலக்கிவிட்டுத் தம்பி பேரில் பத்திரம் போடும்போது, குடும்பத்தின் ஒரே கடன் தகுதி அலமாரிக்குள் போய்விடுகிறது. மிச்சத் தொகைக்கு நகை அடகுக்குப் போகிறது, அல்லது ரெண்டு வட்டிக்கு வெளியில் வாங்குகிறார்கள். மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் என்பது ஆண்டுக்கு 24 விழுக்காடு. அண்மைக் காலத்தில் வங்கி வீட்டுக் கடனின் வட்டி இதில் பாதியைக்கூட எட்டவில்லை. இந்த வேறுபாட்டைப் பாலைவனத்தில் உழைத்துக் கட்ட வேண்டியவர் யார் என்பதை ஊர்ப் பேச்சு கணக்கில் எடுப்பதே இல்லை.

பணச் சேதத்தைவிடப் பெரியது உரிமைச் சேதம். 1988ஆம் ஆண்டின் பினாமிச் சட்டம் 2016 நவம்பர் முதல் கடுமையாக்கப்பட்டிருக்கிறது. கணக்கில் காட்டிய பணத்தைக் கொண்டு மனைவி, கணவர், பிள்ளைகள் பேரில் வாங்குவதற்கு அதில் விலக்கு உண்டு. உடன்பிறந்தார், பெற்றோர் பேரில் வாங்குவதற்கும் விலக்கு உண்டு. ஆனால் பணம் கொடுத்தவர் பெயரும் ஆவணத்தில் கூட்டு உரிமையாளராக இருந்தால்தான். அம்மா பேரில் மட்டும் வாங்கினால் தவறில்லை என்று நினைப்பவர்கள் இந்த வரியைப் படித்ததில்லை. உறவு முறிந்து வழக்காடும் நாளில் அண்ணன் என்ன சொல்லுவார்? பணத்தைத் தம்பிக்குப் பரிசாகக் கொடுத்ததாகச் சொன்னால் வீடு தம்பியுடையது. தனக்காக வாங்கச் சொன்னதாகச் சொன்னால் அது பினாமி. உண்மையான உரிமையாளர் என்று சொல்லி மீட்பதற்கு வழக்குத் தொடுப்பதையே சட்டம் தடுக்கிறது. மனசாட்சியுள்ள தம்பி தானாகத் திருப்பி எழுதித் தரவும் முடியாது, பினாமிச் சொத்தை உண்மையான உரிமையாளருக்கு மறுபடி மாற்றுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. சொத்துப் பறிமுதல், ஓராண்டு முதல் ஏழாண்டு வரை கடுங்காவல், சந்தை மதிப்பில் 25 விழுக்காடு வரை அபராதம் என்று போகிறது தண்டனை. அண்ணன் தம்பிப் பாசத்தை இவ்வளவு பெரிய ஆபத்தின் மேல் வைக்கச் சொல்பவர்கள் குடும்பத்துக்கு நன்மை சொல்பவர்கள் அல்ல.

கடன் கேட்டு மறுக்கப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் மறுப்புக்குக் காரணம் பெரும்பாலும் கடவுச்சீட்டு அல்ல, காகிதம். ஆரணியைச் சுற்றிலும் நெல் விளையும் நஞ்சை. அதில் கல் நட்டுப் பிரித்த மனைக்கு நகர் ஊரமைப்பு அங்கீகாரம் இல்லையென்றால் வங்கி திரும்பிப் பார்க்காது. அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்து, 2017இல் வரன்முறைத் திட்டம் வந்த பிறகும் இத்தகைய மனைகளைக் கைமாற்றிவிடப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய நெசவுத் தெருக்களிலோ பட்டா தாத்தா பேரில் நிற்கும், பாகப்பிரிவினை பதிவாகியிருக்காது, தாய்ப் பத்திரம் யாரிடம் என்று தெரியாது. வங்கி வழக்கறிஞர் முப்பது ஆண்டு வில்லங்கம் பார்ப்பது உள்ளூர் ஆசிரியருக்கும் உண்டு, குவைத் ஓட்டுநருக்கும் உண்டு.

ஒரு குறை மட்டும் உண்மை. வளைகுடாவில் குறைந்த சம்பளத்துக்கு, இரண்டாண்டு ஒப்பந்தத்தில் இருக்கும் தொழிலாளி வங்கி வைத்திருக்கும் குறைந்தபட்ச வருமான வரம்பைத் தொடுவதில்லை. அங்கே ஒழுங்காகக் கட்டிய கடன்கள் இங்குள்ள சிபில் மதிப்பெண்ணில் ஏறுவதும் இல்லை. பத்தாண்டாக மாதந்தோறும் வந்த பணத்தை வைப்புநிதியாக ஏற்ற வங்கி, அதையே வருமானச் சான்றாக ஏற்க மறுப்பது அநீதி. அதை எதிர்த்துக் கேட்க வேண்டும். பினாமிப் பத்திரம் அதற்கு மாற்று ஆகாது.

ஊர் திரும்பிய பிறகு கடன் வாங்கிக்கொள்ளலாம் என்பதும் இதே நம்பிக்கையின் கிளை. நிரந்தரமாகத் திரும்பியவர் செலாவணிச் சட்டப்படி உள்நாட்டவர் ஆகிவிடுகிறார், என்.ஆர்.இ. கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும். வெளிநாட்டுச் சம்பளம் அன்றோடு நின்றுவிடும். புதிதாகக் கடை வைத்தால் இரண்டு மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கை வங்கி கேட்கும். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போதே விண்ணப்பிப்பது இதனால்தான் அவசியம். திரும்பும்போது கிடைக்கும் பணிக்கொடையைக் கடனில் கட்டிவிடலாம்: மாறும் வட்டியில் உள்ள தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் வாங்கக் கூடாது என்று 2012லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது.

கைப்பணம் எவ்வளவு வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 30 லட்சம் வரையான கடனில் வீட்டு மதிப்பில் 90 விழுக்காடு வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கி வரம்பு. அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 விழுக்காடு. முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் பொதுவாக இந்தக் கணக்கில் சேராது. 30 லட்ச ரூபாய் வீட்டுக்கு முழு 90 விழுக்காடும் கிடைத்தாலும் 3 லட்சம் பங்கு, 2 லட்சத்து 70 ஆயிரம் பதிவுச் செலவு என 5 லட்சத்து 70 ஆயிரம் கையில் இருக்க வேண்டும்.

தம்பியின் உதவி தேவைப்படும் இடம் அதிகாரப் பத்திரம். வெளிநாட்டில் இருப்பவர் பவர் பத்திரத்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெற்று அனுப்பினால், அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். வங்கியிடம் முன்கூட்டியே மாதிரி வாசகம் வாங்கிக்கொள்வது நல்லது. குறிப்பிட்ட சொத்தை வாங்கவும் கடன் ஆவணங்களில் கையெழுத்திடவும் மட்டும் அதில் அதிகாரம் தர வேண்டும்; விற்கவும் அடமானம் மாற்றவும் தரக் கூடாது. அப்போது சார்பதிவாளர் முன் தம்பி முகவராகக் கையெழுத்திடுவார், உரிமையாளர் என்ற இடத்தில் அண்ணன் பெயர் இருக்கும்.