பேதிக்கு முதல் மருந்து நீரும் உப்பும்

குழந்தைக்கு வயிற்றுப்போக்குக் கண்டவுடன் பெற்றோர் நாடுவது போக்கை நிறுத்தும் மருந்தையே. இவ்வழக்கம் மாறுதல் வேண்டும். இந்நோயில் உயிருக்கு விரைந்து ஆபத்தை விளைவிப்பது உடலிலுள்ள நீரும் உப்பும் வற்றிப்போதலேயாகும். ஆகவே, இழந்தவற்றை ஈடு செய்வதே சிகிச்சையின் முதற்படி.

வெறும் நீர் இதற்குப் போதாது. குளுக்கோஸ் உடனிருப்பின் அதனோடு சோடியமும் குடற்சுவரைக் கடக்கின்றது. அவற்றைத் தொடர்ந்து நீரும் உட்செல்கின்றது. இராபர்ட் கிரேன் 1960இல் எடுத்துரைத்த இவ்வுண்மையின் பயனை இந்தியா 1971இல் நேரில் கண்டது. அவ்வாண்டு, மேற்கு வங்காள எல்லையில் பன்காவ் நகரில் அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பு வழியே செலுத்தும் திரவம் போதவில்லை. டாக்டர் திலீப் மகலனாபிஸ், உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் ஆகியவற்றை நீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினரைக் கொண்டே புகட்டச் செய்தார். அவர் பொறுப்பிலிருந்த நோயாளிகளுள் இறந்தோர் நூற்றுக்கு நால்வருக்கும் குறைவு.

இத்துணை எளிய மருந்து இன்றும் உரிய மதிப்பைப் பெறாமைக்குக் காரணம் உண்டு. ஓ.ஆர்.எஸ். கரைசல் போக்கை உடனே நிறுத்துவதில்லை. உடல் வற்றாமற் காப்பதே அதன் வேலை. போக்கு நிற்கக் காணாத பெற்றோர் அதனைப் பயனற்றதெனக் கருதி, ஆன்டிபயாடிக் மருந்தை வற்புறுத்திக் கேட்கின்றனர். இரத்தங் கலந்த பேதி, காலரா போன்ற சிலவற்றிற்கே அம்மருந்து தேவை.

அளவு பிறழ்தல் மற்றொரு தீங்கு. 1 லிட்டர் நீரில் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் உப்பு 2.9 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 1 லிட்டருக்குரிய பொட்டலத்தை ஒரு தம்ளர் நீரில் கரைப்பின் உப்பு மிகுந்து தீமை பயக்கும். சர்க்கரை மிகுந்த பானங்களோ குடலுக்குள் நீரை ஈர்த்துப் போக்கைப் பெருக்கும். இத்தகைய பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கி விற்கப்படுவதை, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் தடை செய்தது. தடை ஒன்றே போதாது. பொட்டலத்தில் நீரின் அளவு, அந்தந்த மாநில மொழியில், பெரிய எழுத்தில் அச்சிடப்படுதல் வேண்டும். அங்கன்வாடிகளில் தாய்மார் கையாலேயே கரைத்துப் பழகுதல் வேண்டும்.

இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு போக்கிற்குப் பின்னும் 50 முதல் 100 மில்லி லிட்டர் வரை கரண்டியால் புகட்டலாம். வாந்தி எடுப்பின் 10 நிமிடங் கழித்து, மெதுவாகத் தொடரலாம். கரைசலை 24 மணி நேரத்திற்குமேல் வைத்திருத்தல் கூடாது. தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தலாகாது. மருத்துவர் கூறும் துத்தநாக மாத்திரையைப் போக்கு நின்ற பின்னரும் முழு நாட்களுக்கும் கொடுத்தல் அவசியம். குழந்தை சோர்ந்து மயங்கினாலும், கண்கள் குழிந்தாலும், நீர் அருந்த இயலாவிடினும், மலத்தில் இரத்தங் காணினும், தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

குழந்தையுள்ள ஒவ்வோர் இல்லத்திலும் இரண்டு பொட்டலங்களும், 1 லிட்டர் அளவு குறித்த பாத்திரம் ஒன்றும் ஆயத்தமாக இருத்தல் நன்று.