தாத்தாவின் ரேடியோவுக்கு இருந்த நேர்மை

மகன் பெங்களூரில். அம்மா கும்பகோணத்தில். தீபாவளிக்கு மகன் வாங்கி அனுப்பிய ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை டிவிக்குப் பின்னால் செருகியாகிவிட்டது. போனில் வகுப்பு நடக்கிறது.

"அம்மா, லிஸ்ட்ல நம்ம வீட்டுப் பேரு ரெண்டு வரும். 5ஜி-ன்னு முடியும் பாரு, அதை அமுக்கு."

"ரெண்டு எங்கடா வருது? ஒண்ணுதான் இருக்கு. பக்கத்து வீட்டுக்காரங்க பேரெல்லாம் வருது, நீ சொல்றது மட்டும் இல்லை."

"நல்லா பாரும்மா. போன தடவை வந்தப்ப என் போன்ல வந்துச்சே!"

"கண்ணாடி போட்டுக்கிட்டுதான்டா பாக்குறேன்."

நாற்பது நிமிடம் கழித்து அம்மா சொல்வார்: "விடுடா, எனக்கு இதெல்லாம் வராது." ஸ்டிக் மறுபடியும் பெட்டிக்குள் போய்விடும்.

ஃபைபர் இணைப்பு வந்த எத்தனையோ வீடுகளில் இந்த உரையாடல் ஏதோ ஒரு வடிவத்தில் நடந்திருக்கும். பெயர்கள்தான் மாறும். ஆனால் அந்தக் கடைசி வரி மட்டும் மாறாது. "எனக்கு இதெல்லாம் வராது." இதைவிடப் பெரிய பொய் கிடையாது. அம்மாவுக்கு எல்லாம் வந்தது. அவர் பார்த்ததைத்தான் சொன்னார். லிஸ்டில் ஒன்றுதான் இருந்தது. ஏனென்றால் அந்த ஸ்டிக்குக்கு இன்னொன்றைப் பார்க்கும் கண்ணே கிடையாது! இதைப் பெட்டியில் பெரிதாக எழுதாமல் விற்றவன் நிம்மதியாக இருக்கிறான். அம்மா தன்னை மக்கு என்று நினைத்துக்கொள்கிறார். எஞ்சினியர் மகனும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைக்கிறார். லிஸ்டில் இருந்த அந்த ஒரு பெயரையே அமுக்கியிருந்தால் ஐந்து நிமிடத்தில் படம் ஓடியிருக்கும் என்று அவருக்கும் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

டூயல் பேண்ட் ரவுட்டர் என்பது ஒரே டப்பாவுக்குள் இரண்டு வானொலி நிலையங்கள். ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுகிறது, மற்றது 5 கிகாஹெர்ட்ஸில். 2.4 கொஞ்சம் தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். ஆனால் அது ஒரு சந்தைக்கடை. ப்ளூடூத் அங்கேதான் பேசுகிறது. மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் இரைகிறது. இந்தியாவில் அதில் 13 சேனல்கள் உண்டு. ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பயன்படுத்தக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்றுதான். அபார்ட்மெண்டில் முப்பது வீடு இருந்தால் முப்பதும் இந்த மூன்றுக்குத்தான் அடித்துக்கொள்ள வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் அகலமான சாலை, வேகமும் அதிகம். ஆனால் சுவரைக் கண்டால் துவண்டுவிடும். ஒரே சக்தியில் கிளம்பி, ஒரே வகை ஆன்டெனாக்களுக்கு இடையே போனால், சுவரே இல்லாத வெட்டவெளியில்கூட 2.4-ல் வந்து சேருவதில் கால் பங்குதான் 5-ல் வந்து சேரும். நம்மூர் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் நடுவில் வந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆக இரண்டுக்கும் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. எது வேண்டும் என்று வீட்டுக்காரர் தீர்மானிக்க வேண்டும். தீர்மானிக்க வேண்டுமானால் முதலில் தெரிய வேண்டும். அங்கேதான் வியாபாரிகள் கைவரிசை காட்டுகிறார்கள்.

முதல் கைவரிசை, பெட்டி. ஸ்டிக் வந்த பெட்டியின் முகப்பில் எச்டி என்று கொட்டை எழுத்து, சினிமா ஆப்களின் சின்னங்கள், சிரிக்கும் குடும்பம். வைஃபை விவரம் எங்கே? பின்பக்க மூலையில், எறும்பு எழுத்தில், "802.11 பி, ஜி, என்" என்று ஒரு மந்திரம். இதற்கு அர்த்தம் என்ன? பெரும்பாலும் "2.4 மட்டும்தான் தெரியும்" என்று அர்த்தம். அதனுடன் ஏ அல்லது ஏசி என்ற எழுத்தும் சேர்ந்திருந்தால் 5-ம் உண்டு. இதைப் படித்துப் புரிந்துகொள்ள டிவி பார்க்க நினைப்பவர் எலக்ட்ரானிக்ஸ் பட்டம் வாங்கியிருக்க வேண்டுமா?

2013-ல் வந்த முதல் குரோம்காஸ்ட் இப்படி 2.4 மட்டும் தெரிந்த பொருள்தான். 2015-ல் வந்த இரண்டாவது குரோம்காஸ்டுக்கு இரண்டும் தெரியும். பார்க்கிறவருக்கு இரண்டும் குரோம்காஸ்ட்தான். அதற்குப் பிறகும் மலிவு விலையில் ஒரே பேண்டோடு எத்தனையோ ஸ்டிக்குகளும் பெட்டிகளும் வந்தன. மலிவாக விற்பது தப்பில்லை. முழு எச்டி படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் வேகம் 5 எம்பிபிஎஸ்தான். சிக்னல் ஒழுங்காக இருந்தால் 2.4 அதைத் தாராளமாகத் தரும். ஒரு பேண்டு பொருளை ஒரு பேண்டு பொருள் என்று சொல்லி விற்றால் யாருக்கும் சண்டை இல்லை. சொல்லாமல் விற்பதுதான் தப்பு.

இதில் இன்னொரு கொடுமை, பெயர். ரவுட்டர்களில் 5 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க்கின் பெயருக்குப் பின்னால் "5ஜி" என்று ஒட்டிவிடுகிறார்கள். இந்தியாவில் 2022 அக்டோபரில் ஐந்தாம் தலைமுறை மொபைல் சேவை தொடங்கியது. அதுவும் 5ஜி! ஒன்று வீட்டுக்குள் இருக்கும் அலைவரிசை, மற்றது செல்போன் கோபுரத்தின் தலைமுறை. இரண்டுக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. ஆனால் "என் போன் 5ஜி இல்லையே, அதனால்தான் அது வரவில்லை" என்று ஒருவர் நினைத்தால் அவர் மேல் என்ன தப்பு?

இரண்டாவது கைவரிசை, "ஒரே பெயர்" என்ற ஏற்பாடு. இரண்டு பெயர் இருந்தால் மக்கள் குழம்புகிறார்களாம். அதனால் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. எந்தக் கருவி எதில் இருக்க வேண்டும் என்பதை ரவுட்டரும் கருவியும் பேசி முடிவு செய்துகொள்ளும். வீட்டுக்காரருக்குக் கவலை வேண்டாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நியாயமாகச் சொன்னால் கைபேசிக்கு இது நல்ல ஏற்பாடு. ஹாலில் இருந்து சமையலறை, அங்கிருந்து மொட்டை மாடி என்று அது மனிதனோடு அலைகிறது. பக்கத்தில் இருக்கும்போது 5, தள்ளிப் போனால் 2.4 என்று மாறிக்கொள்வது அதற்கு வசதி. ஆனால் டிவி எங்கே அலைகிறது? ஆணியடித்த இடத்தில் வருடக்கணக்காக அப்படியே இருக்கிறது. அதன் முதுகில் செருகிய ஸ்டிக்கும் அப்படியே. நகராத பொருளுக்கு எதற்கு நாடோடி ஏற்பாடு? அதற்கு எது ஒத்துவரும் என்று ஒருமுறை பார்த்துக் கட்டிவைத்தால் போதும். அந்த ஒரு வாய்ப்பைத்தான் "எளிமை" என்ற பெயரில் பறித்துவிடுகிறார்கள்.

பலன்? இரண்டு பேண்டும் தெரிந்த ஸ்டிக், இரண்டு சுவர் தாண்டி மெலிந்து வரும் 5-ஐப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். டிவியின் முதுகு, பக்கத்துச் செட்டாப் பாக்ஸ் எல்லாம் மறைத்தது போக மிச்சம் வருவதுதான் அதற்குச் சிக்னல். கதாநாயகன் வசனம் பேச வாயைத் திறப்பான், திரையில் வட்டம் சுற்றும். இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டால் வரும் பதில் என்ன? "உங்க பிளான் பத்தலை சார், அடுத்த பிளானுக்கு மாறிடுங்க." 40 எம்பிபிஎஸ் பிளானிலேயே எட்டு டிவியில் முழு எச்டி ஓட்டக் கணக்கு வருகிறது. நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்கே 15 எம்பிபிஎஸ்தான் கேட்கிறது. ஃபைபர் வாசல்வரை ஒழுங்காகத்தான் வருகிறது. சிக்கல் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில். அதற்கு மருந்து ரவுட்டரை நகர்த்துவது அல்லது பேண்டை மாற்றுவது. இரண்டும் இலவசம். ஆனால் மாதாமாதம் கூடுதல் பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டிய பிறகும் வட்டம் சுற்றும்!

மூன்றாவது கைவரிசை, பூட்டு. பேண்டைப் பிரித்துக்கொள்ளலாம் என்று ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போனால், பல வீடுகளில் அதன் பாஸ்வேர்டே வீட்டுக்காரரிடம் இல்லை. பொருத்த வந்த பையன் போட்டுவிட்டுப் போனது. கேட்டால் "அது கம்பெனி செட்டிங், தொடக்கூடாது". யோசித்துப் பாருங்கள். வைஃபைக்காக 2.4 கிகாஹெர்ட்ஸை லைசென்ஸ் இல்லாமல் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று இந்திய அரசு 2005-லேயே திறந்துவிட்டது. 2018-ல் 5 கிகாஹெர்ட்ஸிலும் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு வழியைத் திறந்துவிட்டது. அரசாங்கமே பூட்டைக் கழற்றிவிட்ட காற்றுக்கு, வீட்டு ஹாலில் வைத்து ஒரு கம்பெனி பூட்டுப் போடுகிறது!

"பெயரைப் பிரித்தால் போனில் இருந்து டிவிக்குப் படம் அனுப்ப முடியாது" என்று சிலர் பயமுறுத்துவார்கள். உண்மை என்னவென்றால் பெயர் இரண்டானாலும் ரவுட்டர் ஒன்றுதான், உள்ளே நெட்வொர்க்கும் ஒன்றுதான். ஒழுங்கான ரவுட்டரில் போன் 5-ல் இருந்தாலும் ஸ்டிக் 2.4-ல் இருந்தாலும் ஒன்றை ஒன்று பார்க்கும். விருந்தினருக்கென்று தனியாக இருக்கும் கெஸ்ட் நெட்வொர்க்கில் ஒன்று மாட்டிக்கொண்டால்தான் சாதாரணமாக இந்தத் தகராறு வரும்.

"இதெல்லாம் சின்ன விஷயம், கூகுளில் தேடினால் கிடைக்காதா?" என்று கேட்கும் மேதாவிகளும் உண்டு. கிடைக்கும், தேடத் தெரிந்தவருக்கு. "802.11 என்" என்று தேட வேண்டும் என்று தெரிந்தவருக்கு. பேண்டு என்ற ஒன்று இருப்பதே தெரியாதவர் எதைத் தேடுவார்? தனக்குத் தெரிந்ததை எல்லாம் ஊருக்கே தெரிந்ததாக நினைக்கிற இந்தக் குணம்தான் அம்மாவை "எனக்கு வராது" என்று சொல்ல வைக்கிறது.

கேட்பது ஒன்றும் கோட்டையைப் பிடிக்கச் சொல்லி அல்ல. மூன்றே விஷயம்.

ஒன்று, பெட்டியின் முகப்பிலேயே "2.4 மட்டும்" அல்லது "2.4, 5 இரண்டும்" என்று எழுத வேண்டும், தமிழிலும் எழுதினால் புண்ணியம். இரண்டு, எந்த அலைவரிசையில் இருக்கிறது, சிக்னல் எவ்வளவு என்பதை ஸ்டிக்கின் திரையில் சாதாரண வார்த்தையில் காட்ட வேண்டும். மூன்று, ரவுட்டரின் சாவி வீட்டுக்காரர் கையில் இருக்க வேண்டும். பெயரை ஒன்றாக வைப்பதும் இரண்டாக்குவதும் அவர் விருப்பம்.

கம்பெனிகள் தாமாகச் செய்யாது என்பது தெரிந்ததுதான். ஃப்ரிட்ஜுக்கும் ஏசிக்கும் மின்சார நட்சத்திர முத்திரை 2006-ல் விருப்பம் போல ஒட்டலாம் என்றுதான் வந்தது. ஏசிக்கும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜுக்கும் 2010-ல் கட்டாயம் ஆக்கினார்கள். இன்று நட்சத்திரம் எண்ணாமல் யார் ஏசி வாங்குகிறார்கள்? எந்த வீட்டு அம்மாவும் அதற்காக மின்னியல் படிக்கவில்லை. ஒழுங்காகச் சொன்னால் மக்களுக்குப் புரியும்.

அதுவரை என்ன செய்வது? லிஸ்டில் ஒரு பெயர்தான் வருகிறது என்றால் அதையே அமுக்குங்கள், படம் ஓடும். வீட்டுப் பெயர் எதுவுமே வரவில்லை என்றால் ரவுட்டரில் 2.4 அணைந்திருக்கிறதா, சேனல் 12, 13-ல் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சில கருவிகள் அவற்றைக் கண்டுகொள்ளாது. பெயர் வந்து, பாஸ்வேர்டும் சரியாக இருந்து, ஒட்ட மறுத்தால் பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருக்கலாம். பழைய கருவிக்கு டபிள்யூபிஏ2 வேண்டும். படம் நின்று நின்று வந்தால் பிளானை மாற்றுவதற்கு முன் பேண்டை மாற்றிப் பாருங்கள்.

ஒரு காலத்தில் ரேடியோ வாங்கப் போன தாத்தா கடைக்காரரிடம் கேட்ட முதல் கேள்வி "எத்தனை பேண்டு?" என்பதுதான். ரெண்டு பேண்டு, மூணு பேண்டு என்று சொல்லித்தான் விற்றார்கள். மீடியம் வேவ், ஷார்ட் வேவ் என்று ரேடியோவின் முகத்திலேயே அச்சடித்திருந்தது. இலங்கை வானொலியை ஷார்ட் வேவில் கேட்க வேண்டும் என்றால் ஷார்ட் வேவ் இருக்கும் பெட்டியைப் பார்த்து வாங்கினார். மீடியம் வேவ் மட்டும் இருக்கும் பெட்டியில் அது வராதபோது "எனக்கு ரேடியோ கேட்க வராது" என்று அவர் சொல்லவில்லை. "இந்தப் பெட்டியில அது கிடையாது" என்று சொல்லிவிட்டு வெற்றிலையைக் குதப்பினார்.

அந்த அம்மாவும் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல விடாமல் செய்தது யார் என்பதுதான் கேள்வி. அடுத்த முறை கடையில் ஸ்டிக் வாங்கும்போது தாத்தாவின் கேள்வியையே கேளுங்கள்: "எத்தனை பேண்டுங்க?" பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.