கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாது... வாளித் தண்ணி?



"கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா?" என்று நம்ம ஊரில் பழமொழி சொல்வார்கள். சாகாதுதான். ஆனால் போன கோடை விடுமுறையில் எங்கள் அப்பத்தா வீட்டில் ஒரே நாளில் மூன்று குஞ்சுகள் செத்துவிட்டன. மிதிபட்டு இல்லை. வாளித் தண்ணியில் விழுந்து! அந்த வாளியை வைத்தது நான்தான். "பெருசா வச்சா நிறையக் குடிக்கும்னு நினைச்சியா தாயி?" என்று மட்டும் அப்பத்தா கேட்டாங்க. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. கோழி விற்ற காசும் முட்டைக் காசும்தான் அப்பத்தாவின் சுருக்குப் பையில் இருக்கும் சொந்தக் காசு.

எந்தக் கோழி நல்ல ரகம், எந்தத் தீவனம் நல்லது என்று எல்லாரும் பேசுகிறோம். அதை எதில் வைக்கிறோம் என்று யாரும் பேசுவதில்லை. பாதி நஷ்டம் அங்கேதான் என்பது என் கருத்து.

"மேய்ற கோழிக்கு எதுக்குத் தண்ணி? அதுவே தேடிக் குடிச்சுக்கும்" என்பார்கள். காரியாபட்டி வெயிலில் எங்கே போய்த் தேடும்? சித்திரை, வைகாசியில் கண்மாயே காய்ந்து கிடக்கிறது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைப் பிளந்து மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டைத் தணிக்க வேண்டும். சாதாரண நாளிலேயே தின்னும் தீவனத்தைப் போல இரண்டு மடங்கு எடைக்குத் தண்ணீர் குடிக்கும். வெயிலில் இன்னும் அதிகம். முட்டையின் உள்ளே முக்கால் பங்கு தண்ணீர்தான். தண்ணி இல்லாவிட்டால் முட்டை எப்படி வரும்?

அப்படியானால் எந்தப் பாத்திரம் நல்லது? மூன்று கேள்வி கேட்டால் போதும்.

1. கோழி அதில் ஏறி நிற்க முடியுமா?
2. தட்டினால் கவிழுமா?
3. தினமும் கையை விட்டுத் தேய்க்க முடியுமா?

முதல் இரண்டுக்கும் "முடியாது, கவிழாது" என்றும், மூன்றாவதுக்கு "முடியும்" என்றும் பதில் வந்தால் அதுதான் நல்ல பாத்திரம். விலை முக்கியம் இல்லை.

கோழி ஏறி நின்றால் எச்சம் தண்ணீரில் விழும். ரத்தக் கழிச்சலும் வெள்ளைக் கழிச்சலும் அந்த வழியாகவும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரவுகின்றன. (பாத்திரம் சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. பிப்ரவரி மாதம் கால்நடைத் துறை நடத்தும் முகாமில் வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசியும் போட வேண்டும்.)

கடையில் சிவப்புத் தட்டும் வெள்ளை டப்பாவுமாக ஒன்று விற்கிறார்கள். நல்லதுதான். முப்பது, நாற்பது கோழி இருந்தால் வாங்கலாம். ஐந்தாறு கோழிக்கு நாமே செய்யலாம். ஒரு லிட்டர் பாட்டிலில், அடியிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு ஓட்டை போடுங்கள். ஓட்டையை விரலால் பொத்தித் தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக மூடுங்கள். ஓட்டையை விட உயரமான விளிம்புள்ள மண் தட்டில் நிமிர்த்தி வைத்து, விரலை எடுங்கள். தண்ணீர் ஓட்டை மட்டத்துக்கு வந்ததும் நின்றுவிடும். கோழி குடித்து மட்டம் இறங்கினால், காற்று உள்ளே போய் மறுபடி தண்ணீர் வரும். அறிவியல் பாடத்தில் படித்த காற்றழுத்தம்தான், நண்பர்களே! பாட்டிலை ஒரு குச்சியோடு கட்டி, நிழலில் வையுங்கள். குஞ்சுகள் இருந்தால் தட்டில் கூழாங்கல் போடுங்கள்.

தீவனத்துக்கு மூங்கிலை நீளவாக்கில் பிளந்தாலே போதும். மேலே ஒரு கம்பி கட்டினால் உள்ளே இறங்கிச் சீய்க்காது. விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு இருக்க வேண்டும். கோழி வளர வளர அடியில் ஒரு செங்கல் சேர்க்கலாம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பினால் அலகால் தள்ளித் தரையில் கொட்டிவிடும். குருணையும் கம்பும் சும்மாவா கிடைக்கிறது?

மிச்சத்தை ராத்திரி விட்டு வைக்காதீர்கள். எலி வரும், நனைந்த தீவனத்தில் பூசணம் பிடிக்கும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் திடீரென்று செத்தன. காரணம், பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பருத்திக்கு அடித்த பூச்சி மருந்து டப்பா, பட்டாசு மருந்து வந்த டப்பா இரண்டையும் வெட்டித் தண்ணி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். "நல்லா கழுவிட்டோம்ல" என்கிறார்கள். எத்தனை தடவை கழுவினாலும் அதை நம்ப முடியாது. அந்தக் கோழியின் முட்டையைச் சாப்பிடுவது யார்? நாம்தானே! அதைவிட உடைந்த மண்சட்டி ஆயிரம் மடங்கு மேல். மண்சட்டியில் தண்ணி குளிர்ச்சியாகவும் இருக்கும்.

பெரியவர்களுக்குக் காலையில் ஆயிரம் வேலை. இது நம்ம வேலையாக இருக்கட்டும். பள்ளிக்கூடம் கிளம்பும் முன் பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றி, தேங்காய் நார் போட்டுத் தேய்த்து, புதுத் தண்ணீர் வைக்க ஐந்து நிமிடம் போதும். எங்கள் வீட்டில் இப்போது நான்தான் வைக்கிறேன். வாளி இல்லை, தட்டு!

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி